இவருக்குப் பதில் இவர்

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். தொடர் பார்த்துக்கொண்டே இருப்போம். நேற்று வரை மருமகளாக வந்த பெண் இன்று வேறு ஒருத்தியாக இருப்பாள். இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான். மறுநாளே நாமும் கூச்சமில்லாமல் புதுமுகத்துக்காக அழ ஆரம்பித்துவிடுவோம். பழைய முகம் எங்கே போயிற்று என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஒரு பழைய முகம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

பெரியப்பாவின் ஒரே மகள். எனக்கு அக்கா. அந்தக் கோடையில் அவளுக்குப் பதினெட்டு, நான் ஐந்தாவது முடித்திருந்தேன். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரு சுவர்தான் தள்ளி. ஊர் கொத்தமங்கலம். இங்கே பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், சொந்தக்காரர்கள் சென்னையிலோ கடல் தாண்டியோ இருப்பார்கள். அப்படி ஒரு பெரிய வீட்டின் சாவி பெரியப்பாவிடம் இருந்தது. வயல் வேலை போக அவர் அதற்குக் காவல். பெரியம்மா போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். தெருத்தெருவாகக் கேபிள் வயர் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. சினிமாக்காரர்கள் அந்த வீட்டுக்கு எப்போதாவது வந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டிவிக்காரர்கள் வந்தது அப்போதுதான் முதல் தடவை. வந்தவர்கள் ஆடி வரை போகவில்லை.

ஜெனரேட்டர் சத்தத்தில் ஊர்ப் புறாக்கள் எல்லாம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டன. கூடம் முழுக்கத் தடித்தடியாக வயர் கிடக்கும். லைட்டைப் போட்டதும் அதன் மேல் படிந்த தூசி கருகி ஒரு வாசம் வரும். இன்றைக்கும் மழைக்காலத்துக்குப் பிறகு ஹீட்டரைப் போட்டால் அந்த வாசம் வருகிறது, உடனே அணைத்துவிடுகிறேன்.

எல்லாம் ஒரு கண்ணாடி உடைந்ததில் ஆரம்பித்தது. கதைப்படி அந்த வீட்டு மகள் இறந்துவிட்டாள். கூடத்தில் மாட்டியிருக்கும் அவள் போட்டோவுக்கு முன்னால் நின்று அப்பா தினமும் மனம்விட்டுப் பேசுவார். அப்பாவாக நடித்தவர் வயதான, பெரிய நடிகர். அவர் அழுதால் தமிழ்நாடே அழும் என்பார்கள். சென்னையிலிருந்து கொண்டுவந்த போட்டோ, வேனில் மேலே ஒரு பெட்டி விழுந்து கண்ணாடி நொறுங்கி, முகம் கிழிந்து வந்து சேர்ந்தது. டைரக்டர் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்த நேரம், அக்கா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு ஜன்னல் திறந்ததும் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நானும் பார்த்தேன். எங்கள் அக்கா அழகி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு யாரு?" என்றார் டைரக்டர்.

பெரியப்பா பதறிப்போனார். "எம் மகதான் சார். இந்தா, தொறந்துட்டுப் போயிருவா."

"போக வேண்டாம். நிக்கச் சொல்லுங்க."

அன்று மத்தியானமே காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோ. அக்கா, பெரியப்பா, மேனேஜர், ஒட்டிக்கொண்டு நான். பின்னால் அருவி வரைந்த திரை. கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீப்பு. ஸ்டூடியோக்காரர் அக்காவின் நாடியைத் தொடாமல் காற்றிலேயே தூக்கிக் காட்டினார். "இம்புட்டுத் தூக்குத்தா. சிரி. பல்லுத் தெரிய வேணாம்."

"என்ன வேசம் சார்?" என்று அக்கா மேனேஜரிடம் கேட்டாள்.

"மெயின் கேரக்டர்மா. வீட்டுக்குள்ள எடுக்கிற எல்லா சீன்லயும் நீ இருப்பே."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா எனக்கு அழுது காட்டினாள், கோபப்பட்டுக் காட்டினாள். முன் சீட்டுக் கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மறுநாள் இல்லை, அதற்கும் அடுத்த நாள், பெரியம்மா விளக்குமாற்றோடு பெரிய வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். கூடத்துச் சுவரில் அக்கா இருந்தாள். ஜன்னல் கதவு அளவுக்குப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு. கழுத்தில் சந்தன மாலை. காலடியில் சிவப்பாக ஒரு சின்ன பல்பு, விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் அந்தக் காலத்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதிலும் ஒரு அக்கா, அதே மாலையோடு.

பெரியம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நெஞ்சில் அறைந்துகொண்டாள். "அடப் பாவிகளா! உசுரோட இருக்க புள்ளைக்கு என்ன பண்ணி வச்சிருக்கீக!"

மேனேஜர் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, சும்மா நடிப்புதாம்மா. பிணமா நடிக்கிறவங்களுக்கே ஒண்ணும் ஆகறதில்ல. ஷாட் முடிஞ்சதும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்லுவோம், திருஷ்டி கழிஞ்சுடும்."

"படம் எப்புடிய்யா சிரிக்கும்?"

"அதான் ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டு இருக்கே" என்றார் அவர். சுற்றி நின்ற யூனிட்காரர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவின் சமாதானத்துக்காக ஒரு பூசணிக்காயைச் சுற்றி வாசலில் உடைத்தார்கள். நடுவழியில் அடைத்துக்கொண்டு கிடந்த அதன் சிவப்புக் குங்குமத்தைப் பெரியம்மா மிதிக்காமல் தாண்டி வந்தாள்.

பெரியப்பாவும் முதலில் குதித்தார். ஆனால் அந்தப் பெரிய நடிகர் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தா எனக்குத் தானா அழுகை வருதுங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு பெரியப்பா கவிழ்ந்துவிட்டார். "அம்புட்டுப் பெரிய மனுசன் சொல்றாரு, நீ என்னமோ கூவுற" என்று வீட்டில் பெரியம்மாவை அடக்கினார். அக்கா ஒரு ராத்திரி முழுக்க அழுதாள், மாலைக்காக அல்ல. நடிக்க வேண்டியதில்லை என்பதற்காக.

தொடர் ஒளிபரப்பாக ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. சாயங்காலம் தெருவே பெரியப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கும். நடிகர் போட்டோவுக்கு முன்னால் நிற்பார், உதடு துடிக்கும், கண் நிறையும். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "எம்புட்டுப் பெரிய ஆளுடி. என்னயப் பாத்து அழுகுறாரு பாரு." அவள் உள்ளங்கை வேர்த்துச் சில்லென்று இருக்கும். அப்போது அவளுக்குப் பிடித்தது அந்த நடிப்புப் பைத்தியம்.

தினமும் பெரிய வீட்டுக்குப் போய் நிற்பாள். எதிலாவது நடிக்கவிடுங்கள் என்று கேட்பாள். அங்கே உதவி டைரக்டர் ஒருவர் இருந்தார். எந்த சீனில் எந்தச் செம்பு எங்கே இருந்தது என்று பார்ப்பதே அவர் வேலை. அவர் அவளைக் கண்டதும் ஓடி வருவார். "நீ செத்தவம்மா. உன் முகம் வரக்கூடாது. கண்டினியூட்டி போயிடும்." அதனால் அக்கா முதுகாக நடித்தாள். கல்யாணக் கூட்டத்தில் ஒரு முதுகு. கோயில் சீனில் ஈரக் கூந்தலோடு ஒரு முதுகு. ஒரு நாள் காபி டம்ளரை நீட்டும் கை. அந்தக் கையை டிவியில் பார்த்துவிட்டு, "எங் கை, எங் கை" என்று கத்தினாள் பாருங்கள், எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

ஊர் வேறு விதமாகப் பார்த்தது. சந்தையில் ஒரு பாட்டி அக்காவின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். "ஏத்தா, நீ டிவியில செத்த புள்ளைல்ல? நல்லாருக்கியா?" சின்னப் பிள்ளைகள் அவளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். நாச்சியாபுரத்திலிருந்து பேசி முடிவாக இருந்த சம்பந்தக்காரர்கள், "கொஞ்சம் தள்ளிப் பாப்பமே" என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, பெரியம்மாவும் கேட்கவில்லை. மாலை போட்ட பெண்ணை யார் எடுப்பார்கள்? அதற்குப் பிறகு பெரியம்மா டிவி பக்கம் வருவதில்லை. அடுப்படியில் இருந்தபடி, நடிகர் அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு நாள் ஊருணியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "யார்ட்டயும் சொல்லிறாத. ஆடி பொறந்ததும் எனக்கு உசுரு வந்துரும்."

எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"அந்தப் புள்ள சாகலையாம்டி. ஆத்துல விழுந்தவள யாரோ காப்பாத்தி வச்சிருக்காகளாம். திரும்பி வீட்டுக்கு வருது. வந்து, கூடத்துல எம் படத்துலருந்து அந்த மாலைய நானே கழட்டுறேன். பெறகு முழுக்க நாந்தான். டைரக்டரே சொல்லிட்டாரு. ஆனா கதை வெளிய போச்சுன்னா ஆள மாத்திருவேன்னுட்டாரு. ஆத்தாட்டகூடச் சொல்லல."

அன்றிலிருந்து அவள் அந்த ஒரு சீனுக்காக வாழ்ந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஒரு துண்டை மாலையாகப் போடுவாள். இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்குவாள். தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு துண்டைக் கீழே விடுவாள். "எறியக் கூடாது, நழுவணும்" என்பாள். நான்தான் அப்பா. நான் அழ வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், தலையில் குட்டுவாள்.

வைகாசி வெயிலில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டாம் நாள் தோளில் முத்து முத்தாக. பெரியம்மா பார்த்ததும் எழுந்து போனாள். வாசலில் வேப்பிலை சொருகினாள், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள், நாங்கள் உள்ளே வரக்கூடாது என்றாள். அம்மை எல்லா வீட்டுக்கும் வருவதுதான். ஆனால் அந்த வருஷம் அது வந்த ஒரே வீடு அது. ஊர் வாய் சும்மா இருக்குமா? மாலை வேலையைக் காட்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குக் கண் இமையிலெல்லாம் முத்துப் போட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் பெரியம்மா தெருவில் ஓடிப்போய் மேனேஜரின் வேனை மறித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"ஐயா, படம் இருந்துட்டுப் போகட்டும். மாலைய மட்டும் கழட்டிருங்க. புள்ள கெடக்குற கெடப்பு சரியில்ல."

"புரியுதும்மா. ஆனா அடுத்த சீன்ல மாலை இல்லைன்னா கண்டினியூட்டி ஒத்துக்காது."

"அது யாருய்யா? எங்குட்டு இருக்காக? நான் வந்து அவுக கால்ல விழுகுறேன்."

வேனுக்குள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மாலையையும் கழற்றவில்லை.

அடுத்த இரண்டு நாளும் யூனிட் குன்றக்குடி மலையடிவாரத்துக்குப் படம்பிடிக்கப் போயிருந்தது. பெரிய வீட்டுக்குப் பின்னால்தான் வேப்பமரம் இருந்தது, பெரியம்மா தினமும் குழை ஒடித்து வருவாள். உச்சி வெயிலில் ஒரு நாள் அவள் வருவதைப் பார்த்தேன். எப்போதும் தலையில் வைத்து வருகிற குழையை அன்றைக்கு மார்போடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். வழக்கத்தைவிடப் பெரிய கட்டு. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அன்று ராத்திரி அக்கா இளநீர் குடித்தாள்.

யூனிட் திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

பெரியப்பாவைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி விசாரித்தார்கள். "சாவி உங்ககிட்டதானே?" அவர் மகள் மேல் சத்தியம் பண்ணினார், நோயில் கிடக்கிற மகள் மேல். அதற்கு மேல் யார் கேட்பார்கள்? ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். ஸ்டூடியோக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார், பூட்டு தொங்கியது. அக்காவைப் புதிதாகப் படம் எடுக்க முடியாது. பெரிய நடிகரின் கால்ஷீட் மறுநாளோடு முடிகிறது. சென்னையிலிருந்து தோழி வேஷத்துக்கு அப்போதுதான் வந்திறங்கியிருந்த ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாக்கி, அதே ஆணியில் மாட்டி, புது மாலை போட்டு, எடுக்க வேண்டியதை எடுத்து முடித்தார்கள்.

அக்காவுக்கு முதல் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அது டிவியில் வந்தது. வேப்பிலை மேல் சாய்ந்து உட்கார்ந்து, இமை ஒட்டிக்கொண்ட கண்ணோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில். திரையில் அவள் முகம் வந்தது. பக்கத்திலேயே இன்னொரு முகம். கீழே எழுத்து. செத்தவளுக்குக்கூட ஆள் மாற்றி எழுத்துப் போட்டது அந்தத் தொடரில்தான். வாசலுக்கு வெளியே நின்று பார்த்த தெருச்சனம் ஏதோ அதிசயம் போலக் கைதட்டியது. அக்கா அந்த எழுத்தை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். பிறகு கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். உதிர்ந்த இடத்தில் குழி விழ ஆரம்பித்திருந்தது.

மூன்று தண்ணீரும் ஊற்றியதும் நேரே அங்கே போனாள். உதவி டைரக்டர் உண்மையைத்தான் சொன்னார். "போட்டோ காணாமப் போயிடுச்சும்மா. இந்தப் பொண்ணு முகம் பதிஞ்சிடுச்சு, இனிமே மாத்த முடியாது. திரும்பி வர்ற பார்ட்டும் இவதான் பண்ணணும்."

அக்கா வீட்டுக்கு வந்து சொன்னது வேறு. "பொய் சொல்றாகடி. பூட்டுன வீட்டுல செத்தவ படத்த எவன் களவாங்குவான்? அம்மைன்னதுமே எம் மொகம் போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாக. மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்படுறாக."

பெரியம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தவில்லை. "உசுரு கெடச்சிருக்கு. மொகத்த வச்சு என்ன செய்யப் போற?" என்றாள்.

ஆடியில் அந்தச் சென்னைப் பெண் மாலையைக் கழற்றினாள். வெடுக்கென்று பிடுங்கி எறிந்தாள். நழுவவிடவில்லை. அதற்கே ஊர் ஊராக அழுதார்கள். அப்புறம் அவள் இரண்டு தொடர், அப்புறம் சினிமா. காரைக்குடிப் பேருந்து நிலையச் சுவரில் அவள் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த நாட்களில், அக்கா பேருந்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நிற்பாள். அவள் படம் டிவியில் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், டவுன் பஸ் கண்டக்டர். இரண்டு பையன்கள். ஆனால் அவள் முகத்தோடு ஒரு போட்டோ கிடையாது. கல்யாண ஆல்பத்தில் குனிந்திருப்பாள். காதுகுத்து, வளைகாப்பு, எதை எடுத்தாலும் கடைசி வரிசையில் முந்தானையைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு பாதியாக இருப்பாள், அல்லது திரும்பியிருப்பாள். இப்போது பையன்கள் செல்போனை நீட்டினால் கையால் மறைத்துக்கொள்கிறாள். முதுகாக நடிக்க ஆரம்பித்தவள், முதுகாகவே நின்றுவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவள் கன்னத்தில் இருப்பது நாலைந்து சின்னப் புள்ளி. நம்மில் பலருக்கு அதைவிட மோசம்.

போன மாதம் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா முன்பே போய்விட்டார். கருமாதி முடிந்து, அவளுடைய டிரங்குப் பெட்டியை அக்காவும் நானும் திறந்தோம். கூறைப்புடவைக்கு அடியில், பெட்டியின் அடித்தட்டாகவே ஒன்று கிடந்தது. பழைய சேலையைச் சுற்றி, கவிழ்த்துப் போட்டிருந்தது. தங்க நிறச் சட்டம் ஓரத்தில் தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு உச்சி வெயிலும் மார்போடு அணைத்த வேப்பங்குழையும் கண்ணில் வந்து நின்றன. எரிக்க முடியாது. உயிரோடு இருக்கிற மகளின் படத்தை எந்தத் தாய் எரிப்பாள்? தண்ணீரில் விட முடியாது. வெளியே வைக்கவும் முடியாது. அதனால் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அக்கா சேலையைப் பிரித்தாள். கண்ணாடியில் நெற்றி இருக்கும் இடத்தில் குங்குமம், ஒன்றின் மேல் ஒன்றாக, ரூபாய் அளவுக்குத் தடித்துக் காய்ந்திருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து எத்தனை வெள்ளிக்கிழமை எடுத்து எடுத்து வைத்தாளோ. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எம் மொகம் போச்சு, எம் மொகம் போச்சு என்று வருஷக்கணக்காகச் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அக்கா அந்தக் குங்குமத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"டிவிக்காரவுக நெசமாத்தான்டி சொல்லிருக்காக" என்றாள் கடைசியில். "எம் மொகத்த யாருமே வேணாம்னு சொல்லலையேடி."

அழுவாள் என்று பார்த்தேன். அவள் பெரிய பையனைக் கூப்பிட்டு ஆணியும் சுத்தியலும் கேட்டாள். கூடத்தில் பெரியம்மாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் அதை மாட்டினாள். ஆத்தாவுக்கு வந்திருந்த மாலைகளில் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும், மெதுவாக. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

என் அம்மா அலறினாள். "அடியே, வேணான்டி! உசுரோட இருக்கவ!"

"அவ எங்குட்டுச் சின்னம்மா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள். கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். மாலையின் ஒரு பக்கம் கோணியிருந்தது, சரி செய்தாள். யாரும் அதைக் கழற்றத் துணியவில்லை. வாடியதும் அவளே புதிது வாங்கி வந்து மாற்றுகிறாள்.

நேற்று நான் போயிருந்தபோது, துக்கத்துக்கு வர முடியாமல் போன தூரத்து உறவு அம்மா ஒருவர் வந்தார். பெரியம்மாவின் படத்தைக் கும்பிட்டார். பக்கத்துப் படத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இது யாருத்தா? ஒம் மகளா?"

"எங்க ஆத்தாளுக்கு இருந்த ஒரே மக" என்றாள் அக்கா. "காபி குடிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையைக் கன்னத்தோடு பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

அந்த அம்மா என் பக்கம் குனிந்தார். "பாவம், சின்ன வயசு. எதுல போச்சு?"

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மையில" என்றேன்.